ரப்பர்காரன் திரித்த கயிறு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எங்கள் தோட்டத்து மாரியம்மன் மீது சத்தியம். அவளை நம்பாதவர்களுக்காக, என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மீதும் சத்தியம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாங்கள் படித்த காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு கட்சி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைக்காரர்கள் ஒன்று. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ரப்பர்காரர்கள் மற்றது. வருடத்துக்கு ஒரு கயிறிழுப்பு. நடுவில் போட்ட கோட்டைத் தாண்டியவர்களுக்குத் தோல்வி. தோற்றவர்கள், வென்றவர்களுக்குச் சோறு பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் உண்ண வேண்டும். அடுத்த போட்டிக்குக் கயிறும் அவர்களே கொண்டுவர வேண்டும். ரப்பர்காரர்களான நாங்கள் பட்டம் வாங்கும்வரை பரிமாறினோம். நான் உட்காரும் நேரம் கறிச் சட்டியில் கோழிக் கழுத்து மட்டும் கிடக்கும்.

ஆகவே, இந்த வருடப் பழைய மாணவர் ஒன்றுகூடலில் மறுபடியும் கயிறிழுப்பு என்றதும் எனக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. பக்கத்துக்கு மூன்று பேர் போதும் என்றார்கள். மற்றவர்களுக்கு முழங்கால் சரியில்லை. எல்லோருக்கும் அறுபத்தைந்து தாண்டிவிட்டது, இன்னொரு தடவை கிடையாது. சாவதற்குள் பேராதனையில் ஒருமுறையாவது முதல் பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும்.

எஹலியகொடையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நுஹ்மான், சனிக்கிழமை விடியவே நான் இருக்கும் தெரணியகலைக்கு வேனோடு வந்துவிட்டான். ரப்பர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்த அழகமுத்து, மலைப்பாம்பு போல ஒன்றைத் தோளில் சுற்றிக்கொண்டு ஏறினான்.

"என்னடா முத்து இது?" என்றான் நுஹ்மான்.

"கயிறு. தோட்டத்து ரப்பர்ல நானே திரிச்சேன்."

"அல்லாஹ்வே! கடையில நைலோன் கயிறு மலை மாதிரி கெடக்குடா. ஒரு சுருள் எடுத்தா ஆகாதா?"

"எங்க வீட்டுல கேட்டுக் கதவு கட்டுறது, மாடு கட்டுறது எல்லாம் ரப்பர்தான். இன்னைக்கு வரைக்கும் அறுந்ததில்ல."

"மாடு எங்க?"

"பக்கத்துத் தோட்டத்து டிவிசன்ல மேயுது. கட்டோடதான் போயிருக்கு."

கடுகண்ணாவை ஏற்றத்தில் நுஹ்மான் பாட ஆரம்பித்தான். வேன் இருமி இருமித் தாளம் போட்டது. பேராதனைப் பாலத்தில் மகாவலியைக் கண்டதும் மூவரும் ஒன்றாகக் கூவினோம். வாசல் காவலாளி கயிற்றைத் தொட்டுப் பார்த்து, "மொகக்த மே?" என்று, இது என்னவெனக் கேட்டான். "அபே தினும" என்றேன். எங்கள் வெற்றி என்று சிங்களத்தில் சொன்னால் எனக்கு இன்னும் கொஞ்சம் உறுதியாக இருக்கும்.

மைதானத்தில் தேயிலைத் தலைவன் இந்திரகுமார் காத்திருந்தான். "வாங்க வாங்க. கரண்டியெல்லாம் கழுவி வெச்சிருக்கோம்."

"ஒன் கையையும் கழுவிக்க இந்திரா. நீதான் அள்ளப் போற" என்றேன்.

எங்களோடு படித்து, அதிபராக ஓய்வுபெற்ற விஜயகலாதான் நடுவர். விசில் ஊதினாள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இழுப்பது தேயிலைக்காரர் வழக்கம். இழுத்தார்கள். கயிறு போனது, நாங்கள் போகவில்லை. மைதானத்தைத் தாண்டினார்கள், வீதிக்கு ஏறினார்கள், கெலிஓயாப் பக்கம் வளைவில் மறைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. விஜயகலா அதை என் காதில் வைத்தாள்.

"டேய், கம்பளை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டோம். நீங்க இன்னுமா கோட்டத் தாண்டல?" இந்திரகுமாரின் குரல்.

"இல்லடா. நல்லாத்தான் இழுக்குறீங்க. இழுங்க."

"மூச்சு வாங்குதுடா."

"அப்ப ஒரு பிளேன்டீ குடிங்களேன்."

வேறு யாராவது என்றால் நின்றபடியே குடித்திருப்பான். தேயிலையில் பிறந்தவன் உட்காருவான். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கி, ஆற அமரக் குடிப்பான். மூவரும் கடைப் பெஞ்சில் அமர்ந்து, காலைத் தரையிலிருந்து தூக்கி ஆட்டினார்கள்.

முதலில் விசில் போல ஒரு சத்தம். "நான் ஊதலையே" என்றாள் விஜயகலா. பிறகு கெலிஓயாப் பக்கத்து வானத்தில் மூன்று வெள்ளைச் சட்டைகள். பெஞ்சும் வந்தது. எங்கள் தலைக்கு மேலாக, கோட்டுக்கு மேலாகப் பறந்துபோய்ச் சாப்பாட்டு மண்டபத்தில், சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் இறங்கினார்கள். இந்திரகுமாரின் கோப்பையிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த விசயத்தில் தேயிலைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

"கோட்டைத் தாண்டிட்டாங்க. ரப்பருக்கு வெற்றி!" என்றாள் விஜயகலா. அழகமுத்து அழுதான். நுஹ்மான் என்னைத் தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே வைத்தான்.

முதல் பந்தியில், நடு இலையில் உட்கார்ந்தேன். இந்திரகுமார் கோழிச் சட்டியோடு வந்தான்.

"கால் போடவா?"

"ரெண்டும் போடு."

"அப்ப நுஹ்மானுக்கு?"

"அவனுக்கு வேற கோழி புடி."

அந்தக் கோழிக் காலின் உறைப்பு இன்னும் என் நாக்கில் இருக்கிறது.

இதுவும் பொய்யில்லை: அந்தச் சனியும் ஞாயிறும் நான் டெங்குக் காய்ச்சலோடு, கையில் சேலைன் ஏற, தெரணியகலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தேன்.