தாழிட்ட கை

செங்கதிர் மேலைக்கடலுள் இறங்க, பாய் சுருட்டிய கலங்கள் துறையில் அசைந்து நிற்க, விளக்கேற்றும் பொழுதின் மங்கிய ஒளி நெடுந்தெருவில் பரந்து, ஒரு மாடிவீட்டின் சாளரத்தருகே அமர்ந்திருந்த இருவர்மேல் படிந்தது. கண்ணொளி குன்றிய மெய்யியல் ஆசிரியர் சொல்லச் சொல்ல, அவர் துணைவி அவருடைய நூலை எழுதிக்கொண்டிருந்தாள். கற்றறிந்தோரே, அறிவெல்லாம் புலன்வழி வருவதே என்னும் பழங்கொள்கையை வேராகக் கொண்டு, ஓர் எண்ணத்தின் பொருளை அது விளைக்கும் செயலில் காணும் புதுக்கொள்கை முளைத்தெழுந்த வரலாறே அந்நூல்.

கப்பலேறிப் போன அவர்களுடைய ஒரே மகன் சென்ற மாரியிலேயே திரும்பியிருக்க வேண்டும். கலமும் வரவில்லை, கலம் கவிழ்ந்த செய்தியும் வரவில்லை.

"வருவானாங்க?" என்று அவள் நாள்தோறும் கேட்பாள்.

"அவன் இல்லேன்னு யார் பாத்தா? கண்ணால காணாதத நான் எப்படி ஒத்துக்குவேன்? வருவான்" என்பார் அவர்.

பழங்கொள்கையின் அத்துணுக்கைப் பற்றியே அவள் உயிர் தரித்திருந்தாள். வேளைகெட்ட வேளையில் வந்தாலும் பிள்ளை வாயிலில் காத்து நிற்கலாகாதென்று, கதவைத் தாழிடாமல் வெறுமனே சாத்திவைப்பது அவ்வீட்டு வழக்கமாயிற்று. "திருட வர்றவன் இந்தப் புத்தகங்களப் பாத்தாலே ஓடிருவான்" என்று அவர் நகைப்பதும் உண்டு.

அன்று நூலின் உயிர்நிலையான வரியை அவர் மொழிந்தார்: "நம்புகிறேன் என்று நா சொல்வது நம்பிக்கையன்று, எதன்படி நடக்கக் கை தானே எழுகிறதோ அதுவே நம்பிக்கை."

அவள் எழுதி முடிக்கையில் கடற்காற்று சீறிவந்து கதவை அறைந்தது. அடுத்த வரியை நெஞ்சில் கோத்தவாறே எழுந்து சென்றவர், கதவைச் சாத்தித் தாழிட்டுத் திரும்பினார்.

"தாப்பாப் போட்டுட்டீங்க" என்றாள் அவள்.

அவர் திரும்பித் தாழைப் பார்த்தார். "ஏதோ நெனப்புல, கை தவறி..."

"கை தவறலங்க. இப்பத்தானே எழுதுனேன்."

அவர் தாழை நீக்கப் போனார். "இருக்கட்டுங்க. காத்து அடிக்குது" என்று அவள் தடுத்தாள். எந்தக் கடலும் கொணராத சாவுச்செய்தியைத் தம் கையே கொணர்ந்து தந்துவிட்டதை உணர்ந்து, ஆசிரியர் கதவில் நெற்றி சாய்த்து அழுதார்.

"அந்த வரிய அடிச்சிரும்மா."

"உண்மைய எப்படிங்க அடிக்கிறது?"

அவ்வரி நூலில் அப்படியே நின்றது. மகன் வருவானா என்று அவள் அதன்பின் கேட்கவேயில்லை.