நூல் சாய்கிறது

உறைந்த கடலின் பனியில் துளைத்த ஓட்டைக்குள் விட்டிருந்த நூல் நேராக நிற்கவில்லை. இஸ்பாஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு முட்டி போட்டு, கையுறையைக் கழற்றி, விரலால் தொட்டும் பார்த்தான். நூலின் மறுமுனையில் கட்டிய ஈயக்குண்டு கடலின் தரையில் கிடக்கிறது. குண்டு நகராது. ஆகவே நூல் சாய்ந்தால் நகர்வது மேலே இருக்கிற பனி என்று அர்த்தம். பனிமேல் மீன் பிடிக்கப் போகிற எவனும் முதலில் செய்கிற வேலை, ஒரு ஓட்டை போட்டு இந்தக் குண்டை இறக்குவதுதான்.

நூல் வடக்கே சாய்ந்திருந்தது. அப்படியென்றால் பனி தெற்கே போகிறது. வடக்கே ஊர் இருக்கிறது, தெற்கே மாதக் கணக்கில் போனாலும் தண்ணீர்தான்.

கூப்பிடு தூரத்தில் அவன் அக்காள் புருஷன் மென்டிகாலி இன்னொரு ஓட்டையிலிருந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தான். நல்ல மீன்பாடு. வெள்ளை மீன்கள் பனியில் விழுந்து துள்ளிய சூட்டோடு விறைத்துக்கொண்டிருந்தன. சந்தோஷம் வந்தால் மென்டிகாலி பாடுவான், ராகம் அவன் பக்கம் கூட வராது. சறுக்குவண்டியில் பூட்டாமல் நின்றிருந்த செம்பழுப்புக் குதிரை மட்டும் காதை விறைத்துக்கொண்டு வடக்கே பார்த்தது. அது இஸ்பாஸின் குதிரை. தாய் செத்த குட்டியைத் தன் கையால் பாலூட்டி வளர்த்தவன் அவன்.

ஓடிப்போய் "பனி கிளம்பிடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் நம்ப வேண்டுமே, அங்கேதான் இடித்தது.

கசாக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. அக்காள் புருஷனும் மச்சினனும் ஒருவரையொருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யலாம். எதைச் சொன்னாலும், எதைச் செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தவன் மானம் போனவன். கேலிக்குப் பதில் கொடுக்காமல் விட்டவன் அவனைவிடக் கேவலம். அக்காளின் கல்யாணத்தன்றே இஸ்பாஸ் மாப்பிள்ளையின் தொப்பிக்குள் வெல்லப்பாகு தடவி வைத்தான். பதிலுக்கு மென்டிகாலி, இஸ்பாஸுக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பையன் தூக்கத்தில் குரைப்பான் என்று சொல்லி அனுப்பினான். ஊரே இவர்களை வைத்துத்தான் குளிர்காலத்தைத் தள்ளியது.

போன குளிர்காலத்தில்தான் இஸ்பாஸ் எல்லை மீறினான். இதே இடத்தில், மென்டிகாலி தேநீர் போடுகிற நேரமாகப் பார்த்து, ஓட்டைக்குள் ஒரு கம்பிக் கொக்கியை விட்டு நூலை ஒரு பக்கமாக இழுத்துக் கட்டினான். பிறகு "மச்சான், நூலைப் பாரு" என்று அலறினான். அக்காள் மேல் சத்தியமும் செய்தான். மென்டிகாலி வலை, மீன், தேநீர்க் கெண்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஒற்றைக்கால் பூட்ஸோடு கரைவரை ஓடினான். வசந்தம் வரும்வரை ஊர்ப் பிள்ளைகள் ஒரு காலில் நொண்டிக்கொண்டு அவன் வீட்டைக் கடந்து போனார்கள். மென்டிகாலியும் சிரித்தான். ஆனால் இனி நூல் படுத்தே கிடந்தாலும் தான் எழுந்திருக்கப் போவதில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி வைத்தான்.

அவன் நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவர்கள் கூடாரம் அடித்திருந்தது ஒட்டகத் திட்டின் மேல். அங்கே கடலடியில் மணல் உயர்ந்திருக்கும். காற்று தள்ளிக்கொண்டு வரும் பனிப்பாளங்கள் அதில் மோதி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வீட்டு உயரத்துக்குக் குன்றாக நிற்கும். குன்றின் அடிவயிறு தரையில் அழுந்தி உட்கார்ந்திருப்பதால் சுற்றிலும் இருக்கிற பனியை ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். மென்டிகாலியின் அப்பா அங்கேதான் கூடாரம் போட்டார், அவருடைய அப்பாவும் அங்கேதான்.

ஆனால் அவர்கள் காலத்துக் கடல் வேறு. மற்றக் கடல்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. இந்தக் காஸ்பியனுக்குக் கதவே கிடையாது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டுவதும் வெயில் குடிப்பதும்தான் அதன் வரவும் செலவும். ஒரு காலத்தில் அது வற்றிக்கொண்டே போனது. ஊர் மூன்று தடவை வீட்டைப் பிரித்துத் தண்ணீரைத் துரத்திக்கொண்டு தெற்கே போய்க் குடியேறியது. பிறகு யாரையும் கேட்காமல் கடல் திரும்பி ஏற ஆரம்பித்தது. மேற்கே கல்மூக்கு இனத்தாரின் மேய்ச்சல் நிலம் முழுகியது. கிழக்கே துருக்மேன்களின் படகுத்துறை முழுகியது. கடைக்கோடியில் பாரசீகர்களின் தோட்டச் சுவர் இடிந்ததாகக் கப்பல்காரர்கள் சொன்னார்கள். இங்கே கிடங்குகளில் தண்ணீர் ஊறியது, கல்லறைகளிலும் ஊறியது. ஆனாலும் மீன் திரும்பி வந்ததே என்று கூட்டுப்பண்ணையில் ஆடு வெட்டிக் கொண்டாடினார்கள். கடல் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் ஏறிவிட்டதே, அந்தக் குன்றின் வயிறு இன்னும் தரையைத் தொடுகிறதா என்று ஒருத்தர் கேட்கவில்லை. அத்தனை பேரும் கடலில் பிறந்து வளர்ந்தவர்கள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இஸ்பாஸ் போய்ச் சொன்னான். சாதாரணக் குரலில் சொன்னான், கத்தினால் நடிப்பு என்று நினைப்பானே என்று.

"மச்சான், நூல் சாயுது."

மென்டிகாலி நிமிரவே இல்லை. "சாயட்டும். அதுக்கும் வயசாச்சுல்ல."

"விளையாடல. வந்து பாரு."

"வந்து பாத்தா கொக்கி இருக்கும். நான் ஒரு காலோட ஓடுவேன். நீ ஊருக்குப் போயி கதை சொல்லுவ. போடா மாப்ள, போயி தேத்தண்ணி வை."

இஸ்பாஸ் பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்துத் தலைமேல் வைத்தான். "பொய் சொன்னா ரொட்டி என்னை அடிக்கட்டும்." அதற்கு மேல் அந்த ஊரில் சத்தியம் கிடையாது.

மென்டிகாலி இப்போது நிமிர்ந்து, மச்சினனை ரசித்துப் பார்த்தான். "போன வருஷம் அக்கா மேல, இந்த வருஷம் ரொட்டி மேல. நல்லா முன்னேறிட்ட."

இஸ்பாஸ் அவன் கையைப் பிடித்து இழுத்தான். மென்டிகாலி சிரித்துக்கொண்டே உதறினான். இஸ்பாஸ் ஓடிப்போய்க் குதிரையை வண்டியில் பூட்டினான். இந்தத் தடவை பையன் குதிரையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான் என்று மென்டிகாலி பாராட்டினான். தனியாகக் கிளம்பிப் போகலாம் என்று இஸ்பாஸுக்குத் தோன்றாமல் இல்லை. கன்ஷாயிம் அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. மச்சானை விட்டுவிட்டு அவள் வாசலில் போய் எப்படி நிற்பது? அவன் மறுபடி ஓட்டைக்குப் போனான். நூல் இப்போது ஓட்டையின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. அவனுக்கு அழுகை வந்தது. வருத்தத்தால் அல்ல, போன வருஷத்துத் தன்னையே அறைய வேண்டும் போன்ற ஆத்திரத்தால்.

பிறகு வடக்கே, பனியும் வானமும் சேருகிற இடத்தில், ஒரு கறுப்புப் பட்டை தெரிந்தது. அதன் மேல் புகை எழும்பிக்கொண்டிருந்தது. கடுங்குளிரில் தண்ணீர் திறந்து கிடந்தால்தான் அப்படிப் புகையும்.

மென்டிகாலியின் பாட்டு நின்றது. அவனும் பார்த்துவிட்டான். அவன் கேலி செய்யாமல் நின்றதுதான் இஸ்பாஸை அன்றைக்கு முதன்முதலாக நிஜமாகவே பயமுறுத்தியது. அந்த மனிதனுடைய சிரிக்காத முகத்தை அவன் அதுவரை பார்த்ததே இல்லை.

"கயிறு எடுத்திட்டு வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு மென்டிகாலி குன்றின் அடியிலிருந்த கூடாரத்துக்கு ஓடினான். அவன் கூடாரத்தை அடைந்த நேரத்தில் குன்று அசைந்தது. தரையில் உட்கார்ந்திருப்பதாகத் தலைமுறைகள் நம்பிய அந்தக் குன்று, தூக்கம் கலைந்த மாடு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. அடியில் தண்ணீர்தான் இருந்தது. அது அசைந்த அசைவில் பனி வெடித்தது. வெடிப்பு இருவருக்கும் நடுவே ஓடியது.

முதலில் தாண்டிவிடலாம் போலத்தான் இருந்தது. மென்டிகாலி ஓடி வந்தான். வருவதற்குள் அது அகன்றுவிட்டது. கையிலிருந்த கயிற்றுச் சுருளை அவன் இந்தப் பக்கம் வீசினான். இஸ்பாஸ் மறுமுனையைப் பிடிக்கும்படி வீச நேரமில்லை, சுருள் முழுவதுமாக வந்து விழுந்தது. காற்று வடக்கிலிருந்து அடித்தது. குன்று பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு மென்டிகாலியின் துண்டை வேகமாகத் தெற்கே தள்ளியது.

"குதிரை!" என்று கத்தினான் மென்டிகாலி.

விளக்க வேண்டியதில்லை. பனி அடித்துக்கொண்டு போனால் குதிரையைக் கொன்று, தோலைக் கிழிக்காமல் பையாக உரித்து, கால்களைக் கட்டி, வாயால் ஊதி மிதவையாக்க வேண்டும். அப்படித்தான் பலர் பிழைத்து வந்திருக்கிறார்கள். கயிறு கட்டி விட்டால் காற்றே அதை மென்டிகாலியிடம் கொண்டு சேர்க்கும். அவன் பிடித்துக்கொண்டதும் இங்கிருந்து இழுக்கலாம்.

இஸ்பாஸ் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வேறு வழி ஏதாவது தோன்றாதா என்று பார்த்தான், தோன்றவில்லை. அது அவன் சட்டைப் பையில் சர்க்கரைக் கட்டியைத் தேடி மூக்கை நுழைத்தது. அவன் பிஸ்மில்லா சொன்னான். அதற்குப் பிறகு அவன் கைகள் என்ன செய்தன என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. குளிரில் ரத்தம் விரலோடு ஒட்டியது. தோல் லேசில் வரவில்லை. ஊதி ஊதி அவனுக்குக் கண் இருட்டியது.

மிதவையைத் தள்ளிவிட்டபோது மென்டிகாலி விரல் அளவுக்குத்தான் தெரிந்தான். காற்று தோலைக் கொண்டு போனது. கயிறு கையிலிருந்து ஓடியது. பாதி வழியில் கயிறு தீர்ந்து இழுத்துப் பிடித்தது. இஸ்பாஸ் கயிற்றைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். விட்டால் மறுபடி இழுக்க முடியாது, விடாவிட்டால் அவனுக்குப் போய்ச் சேராது.

கையை விட்டான்.

மிதவை துள்ளிக்கொண்டு போனது. பறக்கும் பனித்தூள் எழும்பிக் குன்றையும் அவனையும் மூடியது. வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து, காற்றை எதிர்த்து, மென்டிகாலியின் குரல் வந்தது.

"டேய் மாப்ள! ஒரு குதிரைய உரிக்க இவ்ளோ நேரமா? உனக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?"

இஸ்பாஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. கேலிக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. அவன் இருந்த மூச்சையெல்லாம் திரட்டிக் கத்தினான்.

"உனக்கே குடுத்தாங்களே!"

அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அவன் மறுபடி கத்தினான். காற்று அவன் பக்கமிருந்துதான் வீசியது, கேட்டிருக்க வேண்டும். இருட்டிய பிறகும் கத்தினான். குரல் போன பிறகும் வாயசைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஹெலிகாப்டர் அவனைக் கண்டுபிடித்தது. இறங்கி வந்த ரஷ்யர்கள், உடம்பெல்லாம் ரத்தத்தோடு ஓர் ஆள் கடலைப் பார்த்து ஏதோ திட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தார்கள். அவனை ஏற்றிக்கொண்டு தெற்கே வெகுதூரம் தேடினார்கள். பனிக்குன்றுகள் நிறைய மிதந்தன. மனிதன் இல்லை, மிதவையும் இல்லை.

கரையில் ஊரே நின்றிருந்தது. கன்ஷாயிம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தம்பியின் கைகளைப் பார்த்ததும் குதிரைக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள். அவன் சொன்னான். குரல் எழும்பாததால் அவள் காதோரம் குனிந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவள் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நீ பதில் சொன்னியா?"

"சொன்னேன்க்கா."

"என்ன சொன்ன?"

அதையும் சொன்னான். அவள் உதடு ஒரு கணம் சிரிப்பது போலக் கோணியது. பிறகு அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குக் கேட்டுச்சாடா?"