சங்கு ஊதாத கடைத்தெரு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எட்டாவது மாதம், தென்கிழக்காசியாவில் இரண்டு நகரங்களை ஐந்து நாளில் தன்னந்தனியாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, அப்படியே கடைத்தெருக்களையும் ஒரு அலசு அலசிவிட்டு வருகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன். என் மகள் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள். மருமகன் தன் காபியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் புத்திசாலி. என் மனைவி மட்டும் பாத்திரம் துலக்கிக்கொண்டே, விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

மகள் ஒரு வாரம் யோசித்துப் பதினேழு நிபந்தனைகளோடு வந்தாள். கைபேசியில் நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டும் நீலப் புள்ளி அவள் கைபேசியிலும் தெரிய வேண்டும். தினமும் காலையில் ஒரு போட்டோ, பின்னால் ஏதாவது கட்டடத்தோடு. தெரியாதவர்களோடு பேசக் கூடாது. அந்த ஊர்களில் எல்லோருமே தெரியாதவர்கள்தானே என்று நான் கேட்டதும் அடுத்த நிபந்தனைக்குத் தாவிவிட்டாள். கடைசி நிபந்தனைக்கு மட்டும் என் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ ஏதாவது வம்புல மாட்டினீங்க, வழி தவறினீங்க, ஃப்ளைட்ட விட்டீங்கன்னா, பாஸ்போர்ட் நேரா என் பீரோவுக்கு வந்துடும். அப்புறம் மூலைக் கடையத் தாண்டி எங்கயும் கெடையாது."

இது சும்மா மிரட்டல் இல்லை. அவள் பீரோவுக்குள் போன பொருள் வெளியே வந்ததாகச் சரித்திரம் கிடையாது. என் மோட்டார் சைக்கிள் சாவி அங்கே போய் நாலு வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட்டோ அறுபது வயதுக்கு மேல் எனக்கு வாய்த்தது. முப்பத்தாறு பக்கம். முதல் பக்கத்தில் நான், கையும் களவுமாகப் பிடிபட்டவன் போல முழித்துக்கொண்டு. மிச்சப் பக்கங்களில் ஒரு மூலை பாக்கியில்லாமல் முத்திரை வாங்கிவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று தீர்மானம் செய்திருந்தேன். அது பீரோவுக்குள் போனால் என் உலகம் மூலைக் கடையோடு முடிந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு துணி மில்லின் செக்கிங் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் நின்றவன். சாய்ந்த மேஜை, மேலே விளக்கு, மேஜைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். நெடுக்கே ஓடும் பாவு நூல் அறுந்திருந்தால், குறுக்கே ஓடும் ஊடை ஓர் இழை விட்டுப்போயிருந்தால், முடிச்சோ எண்ணெய்க் கறையோ தெரிந்தால், சாக்பீஸால் ஒரு வட்டம். அவ்வளவுதான் வேலை. ஆனால் நான் போட்ட வட்டங்களைக் கோத்தால் பூமியை நாலு சுற்று சுற்றிவிட்டு, மிச்சத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்கு வேலியும் போடலாம்.

வட்டம் விழுந்த துணியைத் தொழிலாளர்களுக்குக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். ஆகவே எங்கள் வீட்டில் திரைச்சீலை, போர்வை, தலையணை உறை, என் மனைவியின் ரவிக்கை எல்லாமே குற்றம் நிரூபிக்கப்பட்டவை. கல்யாணத்துக்கு எடுத்த புடவையை விட்டால், அவள் உடம்பில் குறையில்லாத நூல் பட்டதே இல்லை. நான் புறப்படும்போது அவள் கொடுத்த சாமான் சீட்டில் ஒரே ஒரு வரி இருந்தது: குத்தம் இல்லாத துணி, ஏழு மீட்டர்.

முதல் நகரத்தில் வானத்தை முட்டுகிற ஒரு கோபுரம். உச்சியில் கண்ணாடித் தரை. காலுக்குக் கீழே பேருந்துகள் எறும்பாக ஊர்ந்தன. எனக்கு முன்னால் நின்றவர்கள் தவழ்ந்து போனார்கள். ஒருவர் தன் மனைவியைத் தவழவிட்டு, தான் மட்டும் திரும்பிப் போனார். நான் நிமிர்ந்து நடந்தேன். கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தது. அங்கே நின்ற காவலாளிக்குக் காட்டினேன். அவர் என்னைச் சீக்கிரம் இறங்கச் சொன்னார்.

மேல்தளம் திறந்த பேருந்தில் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கீழே ஓட, மேலே நான் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்து ஊரைப் பார்த்தேன். ஊர் என்னைப் பார்த்தது. அருங்காட்சியகத்தில் ஏதோ ஒரு பழைய மன்னனின் அங்கி. அதன் இடது தோளில் ஊடை விட்டிருந்தது. மன்னனுக்கே அந்தக் கதி. தினமும் போட்டோ அனுப்பினேன். பெரும்பாலும் என் காதும் கட்டடத்தின் கால்பகுதியும் விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் மகளிடமிருந்து ஒரே பதில்: சாப்ட்டீங்களா?

இரண்டாவது நகரத்தில் கொள்முதலை ஆரம்பித்தேன். மருமகனுக்கு ஒரு டார்ச் வாங்கினேன். அதில் விசிறி, ரேடியோ, திசைகாட்டி, பாட்டில் மூடி திறக்கிற கொக்கி எல்லாம் உண்டு. வெளிச்சம் மட்டும் வரவில்லை. மகளுக்கு ஒரு கைப்பை. அதற்குள் ஒரு பை, அதற்குள் இன்னொன்று. நான் ஐந்தாவது பைவரை போய்விட்டு நம்பிக்கை இழந்து மூடிவிட்டேன். ஏழு மீட்டர் துணி மட்டும் அமையவில்லை.

ஐந்தாம் நாள் மாலை நாலு மணிக்கு விமானம். பன்னிரண்டு மணிக்கு விடுதியில் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். பத்து மணிக்குத் துணிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். பார்த்துவிட்டு வர ஒன்றரை மணி நேரம் தாராளம் என்பது என் கணக்கு.

இருபத்து மூன்று கடை ஏறி இறங்கினேன். எங்கேயும் தேறவில்லை. இருபத்து நாலாவது கடையில் ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருந்தது. இள நீலத்தில் ஒரு ரோலை எடுத்துப் பலகைமேல் விரித்தேன். இழுத்தேன். இன்னும் கொஞ்சம் இழுத்தேன். அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை, என் கைதான் பொறுப்பு. சட்டைப் பையில் ஒரு துண்டு சாக்பீஸ் இல்லாமல் வெளியே போவது எனக்குக் கால்சட்டை இல்லாமல் போவது மாதிரி. திரும்பிப் பார்த்தபோது, நான் காசு கொடுத்து வாங்காத துணியில், அயல்நாட்டில், யாரோ ஒருவருடைய கடையில் மூன்று வட்டம் போட்டிருந்தேன்.

கடை நின்றுபோயிற்று. கத்தரி பிடித்தவர் கத்தரியைத் திறந்தபடியே நின்றார். கல்லாவில் இருந்த முதலாளி அம்மாள் எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும், நடையைப் பார்த்தால் அந்தத் தெருவே அவருடையது போல இருந்தது. பாஸ்போர்ட் பீரோவுக்குள் போகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வட்டத்தைப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். இரண்டாவதைப் பார்த்தார். மூன்றாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

அவருடைய இங்கிலீஷும் என்னுடையதும் தூரத்துச் சொந்தம். ஆனாலும் விஷயம் புரிந்தது. ஆறு மாதமாக வாங்கிப்போனவர்கள் துணியைத் திருப்பிக்கொண்டு வருகிறார்களாம். சரக்கு அனுப்புகிறவர் தன் துணியில் குறையே கிடையாது என்று சத்தியம் செய்கிறாராம். கடையில் யாருக்கும் அதைப் பிடித்துக் காட்டுகிற கண் இல்லை. அன்று பார்த்து நாற்பது ரோல் வாசலில் வந்து இறங்கியிருக்கிறது. அந்தச் சரக்குக்காரரும் கூடவே வந்து, உள்ளே நாற்காலியில் சாய்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு ரோல் பார்த்துச் சொல்ல முடியுமா என்று அம்மாள் கேட்டார். குறையில்லாதது கிடைத்தால் அதில் எனக்கு வேண்டிய ஏழு மீட்டர்.

ஜன்னலோரம் ஒரு பலகையைச் சாய்த்துக் கொடுத்தார்கள். நான் மேஜைக்குப் போகுமுன் முப்பத்து நாலு வருஷம் செய்ததையே செய்தேன். கடிகாரம், மோதிரம், பேனா, கைபேசி, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு மூடினேன். துணியில் எதுவும் மாட்டி நூலை இழுத்துவிடக் கூடாது என்பது மில் சட்டம். வேலை நேரத்தில் மணி அடிக்கக் கூடாது என்பதும் சட்டம். கைபேசியின் வாயை ஏற்கெனவே அடைத்திருந்தேன்.

செக்கிங் பிரிவில் சுவர்க் கடிகாரமே கிடையாது. மணி பார்க்கிற கண் நூலைப் பார்க்காது என்று எங்கள் மானேஜர் நம்பினார். ஷிப்ட் முடிந்தால் மில் சங்கு ஊதும். ஊதினால் நிமிர வேண்டும். அதற்கு முன்னால் நிமிர்ந்தால் மானேஜர் கேட்பார். பின்னால் நிமிர்ந்தால் யூனியன் கேட்கும். நானாக மணி பார்த்து வேலையை நிறுத்தியதே என் ஜாதகத்தில் இல்லை.

குனிந்தேன்.

முதல் ரோலில் ஒன்பது வட்டம். சரக்குக்காரர் சிரித்தார். இரண்டாவதில் பதினாலு. குளிர்பானத்தைக் கீழே வைத்தார். ஐந்தாவதுக்கு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டார். பத்தாவது ரோலில் ஓர் எண்ணெய்க் கறை. அதன் ஓரத்தில் யாருடைய கட்டைவிரலோ பதிந்திருந்தது. அதற்கு இரட்டை வட்டம் போட்டேன். அவர் தன் கட்டைவிரலைப் பையில் விட்டுக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் நாற்காலியோடு வந்துவிட்டார்கள். சாக்பீஸ் தீர்ந்தது, தையல்காரர் ஒருவர் தன்னுடையதை ஒரு பதக்கம் போல இரண்டு கையாலும் நீட்டினார். கோபுரமும் மன்னனின் அங்கியும் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மனிதர் இருபது ரோலுக்குள் பத்து வயது கூடிப்போவதைக் கண்ணால் பார்க்க எந்தச் சுற்றுலாக்காரனுக்குக் கொடுத்து வைக்கும்?

நடுவில் ஒரு தடவை, இன்றைக்கு ஷிப்ட் கொஞ்சம் நீளமாக இருக்கிறதே என்று தோன்றியது. ஓவர்டைம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தோராவது ரோல், அடர் பச்சை. ஓடவிட்டேன். வட்டம் போட ஒரு குறைகூட இல்லை. நம்பாமல் தலைகீழாக ஓடவிட்டேன். இல்லை. முப்பத்து நாலு வருஷத்தில் அப்படி ஒரு துணியை நான் பார்த்ததில்லை; இருக்கும் என்று நம்பியதும் இல்லை. முதலாளி அம்மாள் தன் கையாலேயே ஏழு மீட்டர் அளந்து, எட்டாவதையும் சேர்த்து வெட்டினார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் விடுதி வரவேற்பறையில் இருக்கும் பெண் வந்தாள். வியர்த்திருந்தாள். கைபேசியை என் காதில் வைத்தாள்.

"அப்பா, உயிரோட இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

"அங்க மணி என்ன தெரியுமா?"

"இன்னும் சங்கு ஊதலையேம்மா."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"எந்தச் சங்கு?" என்றாள் மகள். பிறகு அவள் குரல் இறங்கிவிட்டது. "அஞ்சு மணி நேரமா அந்தப் புள்ளி ஒரே எடத்துல நிக்குதுப்பா. நான் ஆபீஸ்ல அதையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? கடைசில உங்க ஹோட்டலுக்குப் போன் பண்ணி, புள்ளி நிக்கற எடத்தச் சொல்லி அந்தப் பொண்ண அனுப்பினேன்."

டப்பாவைத் திறந்தேன். இருபத்தேழு தடவை. கடிகாரம் நாலாக இருபது நிமிடம் என்றது. விமானத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் அது என்னைப் பிடிக்க வந்தால்தான் உண்டு. விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மறுநாள் காலை விமானத்துக்குத் தானே இடம் போட்டுவிட்டதாகவும், இனி விடுதி அறையை விட்டு அசையக் கூடாது என்றும், மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. மீதி ஒன்பது ரோலை நான் பார்க்கவில்லை. சரக்குக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எதற்கென்று அவருக்கே தெரியாது.

ஆறாம் நாள் மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கையை நீட்டினாள்.

"குடுங்க."

நாற்பது ரோலை இருநூறாக்கி, சரக்குக்காரரை என் காலில் விழவைத்து, கடைத்தெருவே திரண்டு வந்து வழியனுப்பியதாகச் சொன்னேன். கை நீட்டியபடியே இருந்தது. கொடுத்துவிட்டேன். இத்தனை நாள் நெஞ்சோடு இருந்ததால் அது வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்தைப் புரட்டி இரண்டு ஊர் முத்திரையையும் பார்த்தாள். நடுவே லஞ்சமாக நான் நீட்டிய புதுக் கைப்பைக்குள் வைத்தாள். எத்தனையாவது பைக்குள் போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

என் மனைவி ஜன்னலருகே போய்த் துணியைப் பிரித்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை கையை வைத்துத் தடவிக்கொண்டே போனாள். அப்புறம் திரும்பினாள்.

"ஏன்டி, அதக் கொண்டுபோய் பீரோல வெச்சுட்டா, இவரு எங்க இருப்பாரு?"

"வீட்லதாம்மா இருப்பாரு."

"அதத்தான் கேக்கறேன்."

மகளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"எட்டு மாசமா இந்த வீட்ல செக்கிங் நடக்குதுடி. தலகாணி ஒறையில தையல் கோணலா இருக்காம். நான் பெருக்கின எடத்துல போய் குனிஞ்சு பாக்கறாரு. போன மாசம் நான் தூங்கும்போது மூக்குல சத்தம் வருதுன்னு நேரம் குறிச்சு வெச்சிருக்காரு. இந்த ஆறு நாளும் யாரும் எனக்கு வட்டம் போடல. நீ அங்க புள்ளியப் பாத்துட்டு அழுதுட்டு இருந்த. நான் ஒரு நாள் அதிகமாக் கெடச்சுதுன்னு மத்தியானம் படுத்து நல்லாத் தூங்கினேன். அந்தப் பாஸ்போர்ட்ட அவர்கிட்டயே குடு."

"அம்மா, அவருக்கு அங்க ஏதாவது ஆயிருந்தா?"

"இவருக்கு என்ன ஆகும்? அந்த ஊருக்குத்தான் ஆகும்."

மகள் கைப்பையை மடிக்கு இழுத்தாள். பிறகு ஒரு ஜிப்பைத் திறந்தாள், அதற்குள் இன்னொன்றை, அதற்குள் இன்னொன்றை. பாஸ்போர்ட்டை என் கையில் தராமல் மேஜைமேல் வைத்தாள். இனிமேல் கடிகாரத்தைக் கழற்றக் கூடாது, துணிக் கடை உள்ள தெருவில் நடக்கவே கூடாது என்று நிபந்தனைகளைப் பத்தொன்பதாக உயர்த்திவிட்டுக் கிளம்பினாள். துணிக் கடை இல்லாத ஊர் உலகத்தில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. வயதாக ஆக நானும் எங்கே வாயை மூட வேண்டும் என்று கற்றுக்கொண்டு வருகிறேன்.

அவள் போன பிறகு என் மனைவி துணியை மடித்தபடி, அடுத்த பயணம் எப்போது என்று விசாரித்தாள். மூன்று மாதம் கழித்து, வேறு இரண்டு நகரங்கள், இதே மாதிரி ஐந்து நாள் என்றேன்.

அவள் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டாள்.

"பத்து நாளாப் போட முடியாதா?"