ஏழு மணித் தூக்கம்

கிளாக்கரய்யா வீட்டுக் கடிகாரத்தில் சின்ன முள் ஏழுக்கு வரும்போது பிள்ளை தூங்கியிருக்க வேண்டும். எனக்குச் சொல்லிவைத்த முதல் வேலை அதுதான். அப்போது எனக்கு மணி பார்க்கத் தெரியாது. எழுத்துப் பழகியது அதற்கும் பத்து வருஷம் கழித்து. தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரய்யா வீரசிங்கத்தின் சம்சாரம் சத்தியபாமா அம்மா, என்னைக் கடிகாரத்துக்கு முன்னால் நிறுத்தி முள்ளைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஆறுக்கு இளஞ்சூட்டில் குளிப்பாட்டணும். ஆறரைக்குப் பால். ஏழுக்கு விளக்கைத் தணித்துத் தொட்டிலில் போடணும். ஆட்டக்கூடாது, பாடக்கூடாது, தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது. கொழும்பிலிருந்து வரவழைத்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்ததாம்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். என் மகள் தெய்வானைக்கு அப்போது நாலு மாசம். நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள். விடியக்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வைத்து, என் புருஷன் முருகையாவைக் கிளாக்கரய்யா கூப்பிட்டார். பெரியாயியை வீட்டு வேலைக்கு அனுப்பு, இல்லையென்றால் நாளையிலிருந்து இரண்டு பேருக்கும் பேர் போடமாட்டேன் என்றார். பேர் போடாவிட்டால் வேலை கிடையாது. போனேன்.

அவர்கள் மகன் ரகுநாதன் தூங்கினபிறகு போத்தல் கழுவி, துணி மடித்துவிட்டு நான் ஒற்றை அறை வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு இறங்கி வரும்போது, பக்கத்துக் காம்பரா ரெங்கம்மாவின் பாயில் தெய்வானை தூங்கிப்போயிருப்பாள். ரெங்கம்மா பிள்ளைக் காம்பராவில் ஆயா. பகலெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்ப்பாள், பொழுது சாய்ந்தால் என் பிள்ளையை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், சாயங்காலம் ஒரு எட்டுப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருகிறேன் என்று சத்தியபாமா அம்மாவிடம் கேட்டேன். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"உன்ட பிள்ளை லயத்தில எங்க போட்டாலும் நித்திரை கொள்ளும்தானே. இவனுக்கெல்லோ பழக்கம் குழம்பிப் போகும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

மாசத்தில் ஒருநாள்தான் லீவு. அப்படி ஒரு லீவு நாளில் மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தேன். தெய்வானை வில்லாக வளைந்து கத்தினாள். ரெங்கம்மா எட்டிப் பார்த்ததும் அவளிடம் தாவி, அவள் காதைப் பிடித்துக்கொண்டு அப்படியே கண்ணை மூடிவிட்டாள்.

"கோவிச்சுக்காத புள்ள" என்றாள் ரெங்கம்மா, பிள்ளையைத் திருடினவள் மாதிரி. முருகையா கேலி பண்ணினான். வந்த விருந்தாளிக்கு ஒரு தேத்தண்ணி குடுங்க என்றான். நான் அடுப்பங்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். எரியாத அடுப்பை வெகுநேரம் ஊதினேன்.

மறுநாள் சாயங்காலம் ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு வயசிலிருந்து கொழுந்து கிள்ளின விரல். ஆள்காட்டி விரல் நுனி வெடித்து அரம் மாதிரி இருக்கும். கறை சாம்பலுக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. ஏழு மணிக்கு ரகுநாதனைத் தொட்டிலில் போட்டு, கதவைச் சாத்தி, அந்த விரலால் அவன் புருவத்துக்கு நடுவே மேலிருந்து கீழாக மெல்லத் தேய்த்தேன். ஆட்டவில்லை, பாடவில்லை, தூக்கவில்லை. ஒரு வாரத்தில் விரல் பட்டதும் சொக்க ஆரம்பித்தான். ஒரு மாசத்தில் விரலைத் தேடினான். வீட்டு வேலையில் விரல் மெத்தென்று ஆகிவிடக் கூடாதென்று, போகிற வழியில் தேயிலைக் காம்பை நசுக்கித் தேய்த்துக்கொண்டு போவேன். அவ்வளவு கவனமாக நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை.

ஹாலிஎலவிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடம் அம்மா பெருமையடித்துக்கொண்டார். புத்தகப்படி வளர்த்தால் பிள்ளை இப்படித்தான், ஏழு மணிக்குச் சத்தமில்லாமல் படுத்துவிடும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணி ஊற்றினேன்.

ஏழு மாசம் போயிற்று. மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. எடுக்க ஆள் போதவில்லை, வீட்டு வேலைக்குப் போன பெண்களெல்லாம் மலைக்கு வரணும் என்று தோட்டத்துத் தொரை உத்தரவு போட்டார். கிளாக்கரய்யாவால் ஒன்றும் பேச முடியவில்லை. அம்மா எனக்கு ஒரு பழைய சேலை கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மேட்டில் கிளாக்கரய்யா வீட்டிலிருந்து அழுகை கேட்டது. லயமே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. எனக்கு இனித்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதே நேரத்தில் என் மடியிலும் அழுகை. தெய்வானை என்னோடு பழகட்டும் என்று ரெங்கம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று.

நாலாம் நாள் சாயங்காலம் சத்தியபாமா அம்மா லயத்துக்கே வந்தார். அதற்கு முன்னால் அந்தப் பாதையில் அவர் கால் பட்டதில்லை. செருப்பெல்லாம் சேறு. இடுப்பில் ரகுநாதன், தொண்டை கட்டிப்போய் அழுதுகொண்டிருந்தான். இஸ்தோப்பில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நான் தெய்வானையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.

"நீ என்ன செய்து நித்திரையாக்கினனீ எண்டு சொல்லு பெரியாயி. நானும் அப்பிடியே செய்யிறன்."

"ஒண்ணும் செய்யலீங்கம்மா. புஸ்தகத்துல உள்ளபடிதான்."

"பொய் சொல்லாதை." பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினார். "தூக்கினா என்னைத் தள்ளுறான். என்ட பிள்ளை, என்னைத் தள்ளுறான்."

அந்தப் பேச்சு என்னுடையது. யாரிடமும் சொல்லத் தோதில்லாமல் ஏழு மாசமாக நான் நெஞ்சுக்குள் வைத்திருந்தது. அதை அவர் வாயால் கேட்கத்தான் அத்தனை சாயங்காலமும் பாடுபட்டேன். கேட்டேன். கேட்டுவிட்டு என்ன செய்யணும் என்று மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை.

ரகுநாதன் என்னைக் கண்டுகொண்டான். உடம்பை முன்னால் சாய்த்து இரண்டு கையையும் நீட்டினான். தெய்வானை என் நெஞ்சில் காலை உதைத்துப் பக்கத்துக் கதவைப் பார்த்துத் திமிறினாள். நான் அவளை விடவில்லை, அவனுக்குக் கையும் நீட்டவில்லை. திடீரென்று மழை கொட்டியது. அம்மா ஒதுங்க இடமில்லாமல் இஸ்தோப்பில் ஏறி, எனக்கு ஒரு முழத்தில் வந்து நின்றார். தகரத்தில் விழுந்த இரைச்சலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளின் வாயும் திறந்திருந்தது.