வடித்த தண்ணீர்

“பொய் சொல்லாதேங்கோ மாமி. நீங்கள் ஒளிச்சு இளநி குடுக்காமல் மாமாவுக்குப் பொட்டாசியம் எப்பிடி ஏறும்?”

“நானோ? முருகனாணை, அந்த மனுசன் இளநியைக் கண்டு எவ்வளவு காலம்.”

எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் நடுவிலிருக்கும் ஒரே ஒடுங்கிய வெளியைப் பார்த்துத்தான் திறக்கும். குக்கர் விசிலும் மாமி மருமகள் சண்டையும் ஒரே வேகத்தில் மேலே போய்ச் சேரும். அன்று மேல்மாடி மயிலம்மா சத்தம் சரியாகக் கேட்கவில்லையென்று அடுப்பையே அணைத்துவிட்டாராம். நான் அணைக்கவில்லை. குறைத்தேன், அவ்வளவுதான்.

சண்டை பிடித்தவர்கள் எங்களுக்கு எதிர் வீடு. அன்னபாக்கியம் அக்காவும் அவருடைய மருமகள் தாரிகாவும். சண்டைக்குக் காரணமான அக்காவின் புருஷன் இரத்தினசிங்கம் அண்ணை முன்னறையில் சாய்ந்திருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அவருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருந்தது. இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் ஒருநாள் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

தாரிகா கொள்ளுப்பிட்டியில் பெரிய கொம்பனியொன்றில் வேலை. கலியாணமாகி வந்த நாளிலிருந்தே அந்தச் சமையலறையையும் கொம்பனி மாதிரித்தான் நடத்தினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு கிழமைக்குரிய மரக்கறியை வெட்டி, மூடிப் பெட்டிகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் நாளின் பெயரை ஒட்டி, ஃபிரிட்ஜில் அடுக்கிவிடுவாள். பொரியல் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை. மாமனாருக்கு நோய் வந்ததும் இன்னும் கடுமை. வாழைப்பழமும் இளநீரும் வாசற்படி ஏறக்கூடாது. மரக்கறியைச் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டுத்தான் கறி வைக்கவேண்டும்.

ஏன் வடிக்கவேண்டும் என்பதை டாக்டர் தாரிகாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். தாரிகா புருஷன் ஜனாவுக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். பகலெல்லாம் அடுப்படியில் நிற்கிற அன்னபாக்கியம் அக்காவிடம் வந்து சேர்ந்தது “ஊத்துங்கோ” என்ற ஒரு சொல் மட்டும்.

அக்காவும் வடித்தார். மருமகள் சொன்னபடி அச்சாவாக வடித்தார். ஆனால் கறி, கழுவிய சீலை மாதிரி இருந்தது. அண்ணை இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிடுவார். ஆள் மெலிந்து, சேர்ட் காற்றில் காய்கிறது போலத் தொங்கியது. மருமகள் பட்டினி போட்டுக் கொல்லுகிறாள் என்று அக்கா என்னிடம் சொல்லி அழுதார். நான் யாரிடமும் சொல்லவில்லை, மயிலம்மாவைத் தவிர.

இளநீர்ச் சண்டைக்குப் பிறகு தாரிகா மாமியின் அலுமாரியைக்கூடத் திறந்து பார்த்தாளென்று கேள்வி. ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் தீரவுமில்லை. அக்கா மருமகளோடு கதைப்பதை நிறுத்திவிட்டு, புருஷனை முன்னிலும் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த மாதம் ஒரு காலை, இரத்தினசிங்கம் அண்ணை சாப்பாட்டு மேசையிலேயே தலை சாய்த்துவிட்டார். அம்புலன்ஸ் காலி வீதி நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தபோது தூக்குவதற்கு உடம்புதான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் பந்தி முடிந்து பெண்கள் எல்லோரும் நிலத்தில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். மயிலம்மா, கடைசிக் காலத்தில் நீங்கள் அவரை நல்லாய்ப் பார்த்தீர்கள் என்று அக்காவுக்கு ஆறுதல் சொன்னார். அதுவரை தலை குனிந்திருந்த அக்கா நிமிர்ந்தார்.

“பின்னை என்ன, மயிலம்மா. தாரிகா வேலைக்குப் போனாப்பிறகு அந்த வடிச்ச தண்ணியிலதான் மிளகு, உள்ளி தட்டிப்போட்டு அவருக்கு ரசம் வச்சுக் குடுத்தனான். மரக்கறிக்கு அடிச்ச பூச்சிமருந்து போகத்தானே ஊத்தச் சொல்லுறவை? நான் முதலே மஞ்சள் தண்ணியில ஊறப்போட்டு நல்லாக் கழுவிப்போடுவன். பிறகேன் சத்தை ஊத்துவான்? மனுசன் அதை மட்டும்தான் ஆசையாக் குடிச்சவர். கடைசி நாளும் ஒரு கோப்பை குடிச்சவர்.”

தாரிகா எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்துகொண்டிருந்தாள். தட்டத்தை அப்படியே நிலத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஜனாவும் பின்னால் போனான். தண்ணீர் குடிக்கிற சாட்டில் நானும் போய்ச் சமையலறைக் கதவோரம் நின்றேன்.

“பொட்டாசியம் எல்லாம் அந்தத் தண்ணிக்குள்ளதான் இறங்கும் எண்டு அம்மாவுக்கு நீர் சொல்லேல்லையோ?”

“ஊத்தச் சொன்னனான்.”

“ஏன் ஊத்தவேணும் எண்டு?”

அவள் சிங்க்கைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “சொன்னா அவவுக்கு விளங்காது எண்டு நினைச்சன்.” பிறகு ஜனாவின் பக்கம் திரும்பி, “நீங்களும் சொல்லேல்லை,” என்றாள்.

முன்னறையில் அக்கா ரசத்துக்கு எவ்வளவு மிளகு என்று மயிலம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இப்ப போய்ச் சொல்லவோ?” என்று ஜனா கேட்டான்.

“சொன்னா அவ உயிரோட இருக்கமாட்டா.”

இரண்டு பேரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆயிரம் கதை காவுகிற வாய்தான் இது. இந்த ஒன்றை மயிலம்மாவிடம்கூடக் கொண்டுபோகவில்லை.

ஆண்டுத் திவசம் கழிந்ததும் ஜனாவின் தங்கை சாமினிக்கு மேளமில்லாமல் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனையில் இரும்புக் கடைக்காரர். அன்னபாக்கியம் அக்கா மகளோடு அங்கேயே போய்விட்டார். மருமகள் மாமனாரைப் பட்டினி போட்டுக் கொன்றாள் என்று அந்தத் தெருவுக்கே இப்போது தெரியும். சாமினியின் கலியாணத்தில் அக்கா தாரிகாவின் காதுபடவும் அதைச் சொன்னார். அவள் மறுக்கவில்லை; மாமிக்குக் கதிரை கொண்டுவந்து போட்டாள். அதன் பிறகு அவளும் ஜனாவும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஹெவ்லொக் டவுனுக்குக் குடிபோனார்கள்.