ஆளுக்கொரு மூடி

மார்லிஸுக்கும் அவள் அண்ணன் வெர்லினுக்கும் பொதுவில் ஒரு கார் இருந்தது. அறுபத்தாறாம் வருஷத்து வண்டி. என்ஜினை இருவரும் சேர்ந்துதான் பிரித்துப் பூட்டினார்கள்; ஓட்டுவது மட்டும் எப்போதும் வெர்லின். "பழைய வண்டி, உனக்குச் சரிப்படாது" என்பான். இருபது வருஷமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளிடம் இப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அதனால்தான் அந்தப் பந்தயம். என்ஜின் மேல் இடமும் வலமுமாக இரண்டு மூடிகள். காயும்போது சுருங்கிச் சொரசொரப்பாகிற கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட்டை ஆளுக்கொரு மூடிக்கு அடிக்க வேண்டும். தங்கள் ஊரான வாஸாவிலிருந்து மேடிசனில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்கு நூற்று நாற்பது மைல் ஓட்டிப் போய், அங்கே பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். யாருடைய பெயின்ட் நிற்கிறதோ, கோடை முழுக்கச் சாவி அவர் கையில்.

மார்லிஸ் டப்பாவில் எழுதியிருந்ததை அப்படியே செய்தாள். பிசுக்குப் போக மூன்று தடவை சோப்பு போட்டுக் கழுவினாள். ஐந்தைந்து நிமிஷம் விட்டு, நெடுக்கே, குறுக்கே, சாய்வாக என்று மூன்று பூச்சு, தாராளமாக. பிறகு கேக் சுடும் அடுப்பில் வைத்துச் சுட்டாள். ஒரு வாரம் வீட்டில் எதைச் சுட்டாலும் பெயின்ட் வாடை. புருஷன் ராய்ஸ் மறுபேச்சில்லாமல் வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தான்.

மேடிசனில் பானெட்டைத் திறந்ததும் சாசேஜும் கையுமாகக் கூட்டம் கூடிவிட்டது. வெர்லின் முதலில் தங்கையின் மூடியைத்தான் துடைத்தான். துடைத்தானா, பழி தீர்த்தானா தெரியவில்லை. துணி வெள்ளையாகவே இருந்தது. மார்லிஸுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"இப்ப உன்னோடதுண்ணே."

"அது எதுக்கு? பார்த்தாலே தெரியுதே, கல்லு மாதிரி."

"துடைண்ணே!"

ஒரே இழுப்பு. பெயின்ட் பால் ஆடை மாதிரி துணியோடு வந்துவிட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"என்னதாண்ணே பண்ணினே?"

"மெல்லிசா அடிச்சேன், சுருக்கமே விழல. மறுநாள் அதுக்கு மேலேயே கெட்டியா ஒண்ணு அடிச்சேன்."

"டப்பாவைப் படிக்கலயா?"

"முப்பது வருஷமா வீடு வீடா பெயின்ட் அடிக்கிறவன்டி நான். எனக்கு டப்பா பாடம் சொல்லணுமா?"

மார்லிஸ் சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த சாசேஜின் கடுகு சாஸ் சட்டையெல்லாம் சிந்தியது. அவள் கவலைப்படவில்லை. கையை நீட்டினாள். வெர்லின் பாண்ட் பை இரண்டையும் மூன்று முறை துழாவிவிட்டுச் சாவியைக் கொடுத்தான்.

திரும்பும் வழியெல்லாம் அவன் பக்கத்து சீட்டில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். வாஸாவுக்குப் பிரியும் சாலை வந்தது, போயும் விட்டது.

"ஏய், வீடு அந்தப் பக்கம்!"

"தெரியும்ணே. வடக்கே பெரிய ஏரி வரைக்கும் போயிட்டு வரலாம்."

"அது இன்னும் நூத்தம்பது மைலாச்சேடி!"

"அவ்வளவுதானா?" என்றாள் மார்லிஸ், ஜன்னல் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டபடி.