முதுகு காட்டி நின்றவள்

மூக்கை நேரே எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு அது வருகிறது, வற்றிக் கிடக்கும் குளத்தின் அந்தக் கரையிலிருந்து, அக்கா தெர்மோகோல் அட்டையை அறுத்து ஒட்டிய விமானம், ஆரஞ்சு இறக்கை ஒரு பக்கம் சரிகிறது, சரிகிறதே, இப்படித்தானே முன்னே இரண்டும் போயின, தூரப் போகும்போது சொன்னபடி கேட்கிற விமானம் நம்மைப் பார்த்துத் திரும்பியதும் இடம் வலமாகிவிடுகிறது, ரிமோட்டில் இடது பக்கம் தள்ளினால் நம் கண்ணுக்கு வலது பக்கம் சாய்கிறது, பதறி இன்னும் தள்ளுவாள், சீமைக்கருவேல முள்ளுக்குள் பொத்தென்று விழும், நான் சட்டை கிழியப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவேன்.

யார் கற்றுக்கொடுத்தார்கள் அவளுக்கு, ஒருவரும் இல்லை, லோடு ஆட்டோ ஓட்டுகிற சொர்ணக்கா, சந்தையில் சரக்கு இறங்கும்வரை போனில் பார்த்துப் பார்த்துத் தானாகப் படித்தது, கல்யாணம் முறிந்து வீட்டுக்கு வந்தவளை, எடுத்த எதையும் முடிக்கத் தெரியாதவள் என்று சொந்தக்காரர்கள் பேசியது காதில் விழுந்த வாரம்தான் முதல் இறக்கையை அறுத்தாள், இந்த மூன்றாவதுக்கு அம்மா புது வண்டிக்கு வைப்பதுபோலச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள், பழம் சக்கரத்தைவிடப் பெரிசு, விமானம் ஏறுவேனா என்று நிற்கிறது, அக்கா கட்டைவிரலால் பழத்தை நசுக்கிவிட்டு, ஏத்தியாச்சுன்னு வச்சுக்கோம்மா என்றாள், குளத்துக்கு வரும் வழியில் என்னிடம் மட்டும் மெதுவாக, இதுவும் ஒடஞ்சா விட்டுருவேன்லே, அவங்க சொன்னதே சரின்னு ஆயிரும் என்றாள்.

சரிகிறது, அக்கா, அக்கா என்று கத்துகிறேன், அவளோ சட்டென்று விமானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள், எனக்கு உயிரே போய்விட்டது, அவ்வளவுதான், விழுவதைப் பார்க்கச் சகிக்காமல் திரும்பிக்கொண்டாள் என்றே நினைத்தேன், இல்லை, கழுத்தை மட்டும் தோளுக்கு மேலே வளைத்துப் பின்னால் பார்க்கிறாள், இந்தக் கழுத்தை எனக்குத் தெரியும், சந்தைச் சந்துக்குள் மூட்டைகளுக்கு நடுவே ஆட்டோவைப் பின்னுக்கு எடுக்கிற கழுத்து, அவளுடைய இடது இப்போது விமானத்துக்கும் இடது, என்னக்கா பண்ணுத என்கிறேன், ரிவர்ஸ் எடுக்கேன்லே, பேசாம இரு என்கிறாள், அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம், கட்டைவிரல் துளி பதறவில்லை, இறக்கை நிமிர்கிறது, எங்கள் தலைக்கு மேலே உர்ரென்று கடக்கிறது, அவள் கழுத்தும் அதோடு நேராகிறது, இன்றைக்கு எனக்குத் தலை நரைத்துவிட்டது, அந்த நாள் திரும்பத் திரும்ப வருகிற இந்தக் கனவில் அவளுக்கு மட்டும் நரைப்பதே இல்லை, அவளுக்கு முன்னால் மாடு மேய்ந்த தரையில் அது இறங்கிக் குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது, முடிச்சிட்டேம்லா என்கிறாள், ஆமாக்கா என்கிறேன், மூக்கு தெரியவில்லை, ஆரஞ்சு முதுகு மட்டும் தெரிய எங்கள் முன்னால் முழுசாக நிற்கிறது.